வேகக் காருக்கு இலகு ரிம்: வார்ப்பு, ஃப்ளோ ஃபார்ம், ஃபோர்ஜ்டு ஆகியவற்றுள் எது?

சிங்கப்பூரில் ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற நினைக்கும் உறுப்பு பெரும்பாலும் ரிம்தான். எஞ்சினிலோ எக்ஸாஸ்டிலோ கைவைத்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் விற்பனையாளரின் உத்தரவாதமும் குறுக்கே நிற்கும். ரிம்மை மாற்ற ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, டயர் காரின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவைதான் முக்கியமான நிபந்தனைகள். இந்தச் சுதந்திரத்தினாலேயே காக்கி புக்கிட்டிலும் உபியிலும் உள்ள கடைகளில் தெரிவுகள் குவிந்துகிடக்கின்றன. அந்தக் குவியலுக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, ‘ஃபோர்ஜ்டா (திட உலோகத்தை அழுத்தி உருவாக்கியதா), இல்லையா?’ என்பது. அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. முதலில் விட்டம், அடுத்து அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அச்சுமுனையில் பொருந்தும் அதன் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு), அதன் பிறகே தயாரிப்பு முறை. இந்த வரிசையில் யோசிப்பவர் செலவழிக்கும் பணத்துக்கு முழுப் பயன் கிடைக்கும். வரிசை மாறினால், விலையுயர்ந்த ரிம் பொருந்தாத அளவில் காருக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எடையைக் குறைப்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் நியாயமாக இருக்காது. ஒரு சக்கரத்துக்கு 2.5 கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் சேர்த்து 10 கிலோ. சக்கரம் சுழல்வதால், அதை முடுக்குவதற்குக் காரை முன்னே தள்ளும் விசையோடு சுழற்றும் விசையும் தேவைப்படுகிறது. ரிம்மின் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து, குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய 1.4 கிலோவைக் காரிலிருந்து எடுத்ததற்குச் சமமாகும். ஆக 10 கிலோ என்பது 14 கிலோவைப் போல வேலை செய்யும். எஃப்கே8 என்ற குறியீட்டுப் பெயருடன் 2017இல் வெளிவந்த சிவிக் டைப் ஆரின் எடை சுமார் 1,390 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்தால் கிடைக்கும் லாபம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டராக உள்ள நம் ஊரில், முடுக்கத்தில் கிடைக்கும் இந்த ஒரு விழுக்காட்டுக்காக மட்டும் யாரும் ரிம் வாங்க வேண்டியதில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

பலன் வேறோர் இடத்தில் இருக்கிறது. சக்கரம், டயர், பிரேக், அச்சுமுனை ஆகியவை சேர்ந்த எடை ஸ்ப்ரிங்குக்குக் கீழே தொங்குகிறது. இத்தகைய கார்களில் முன்பக்கத்தின் ஒவ்வொரு மூலையிலும் அது சுமார் 40 கிலோ இருக்கும். அதில் 2.5 கிலோ குறைந்தால் ஆறு விழுக்காட்டுக்கும் மேலான மாற்றம். மேட்டில் ஏறிய சக்கரம் எவ்வளவு விரைவாகத் திரும்பி வந்து சாலையைப் பற்றிக்கொள்கிறது என்பதை இந்த எடைதான் தீர்மானிக்கிறது. ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டிய சுமை அதுவே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரங்களின் வேகத்தடைகளிலும், மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகளிலும், வளைவின் நடுவே வரும் சீரற்ற தளத்திலும் கார் தடுமாறாமல் இருப்பதை ஓட்டுநர் அன்றாடம் உணர்வார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கைக்கு வரும் இலகுத்தன்மையும் இதனால்தான். எனவே வேகமானியைப் பார்த்து வாங்குபவரைவிட, சஸ்பென்ஷனைக் கருத்தில் கொண்டு வாங்குபவருக்கே இந்தச் செலவு பொருந்தும்.

விட்டத்துக்கு வருவோம். எஃப்கே8 தொழிற்சாலையிலிருந்து 20 அங்குல ரிம்முடனும் 245/30 ஆர்20 டயருடனும் (245 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 30 விழுக்காடு) வந்தது. 20 அங்குல ரிம்மின் விளிம்பு மையத்திலிருந்து 254 மி.மீ. தொலைவில் இருக்கிறது, 18 அங்குலத்தில் அது சுமார் 229 மி.மீ. எடையே மாறாவிட்டாலும், விளிம்பு உள்ளே வந்ததால் மட்டும் அந்தப் பகுதியைச் சுழற்றுவதற்கான தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உலோகமும் குறைவாகத் தேவைப்படுவதால் எடையும் தானாகவே இறங்குகிறது. டயரின் வெளிவிட்டம் மாறக் கூடாது என்பதே இங்கே முக்கியக் கட்டுப்பாடு. 245/30 ஆர்20 டயரின் வெளிவிட்டம் 655 மி.மீ.; 245/40 ஆர்18 டயருக்கு அது 653 மி.மீ. வேகமானி ஏறக்குறைய மாறாது, கியர் விகிதமும் அப்படியே இருக்கும். அதே சமயம் டயரின் பக்கச்சுவர் 73.5 மி.மீ.இலிருந்து 98 மி.மீ.ஆக உயர்கிறது.

அந்த 24.5 மி.மீ. ரப்பர், நான் சொல்லப்போகும் எல்லா விஷயங்களையும்விட மதிப்புள்ளது. துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும்போது, முந்திய இரவின் மழையில் தோன்றிய ஒரு குழியைக் கடைசி நொடியில் கண்டு விலக இடமில்லாத நிலைமை அவ்வழி போகும் எல்லாருக்கும் தெரிந்ததே. 30 தொடர் டயரில் குழியின் விளிம்பு நேராக ரிம்மைத் தாக்குகிறது. 40 தொடரில் அந்த அடியின் பெரும்பகுதியை ரப்பர் ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு உயர்ந்த ஃபோர்ஜ்டு ரிம்மாக இருந்தாலும் பக்கச்சுவர் தரும் இந்தப் பாதுகாப்பை அது தர முடியாது. மேலும், யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்ற பந்தயத்தடத்துக்கு ஏற்ற டயர்கள் 18 அங்குலத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. 20இல் தெரிவும் குறைவு, விலையும் கூடுதல். அடுத்தடுத்த டயர் மாற்றங்களில் மிச்சமாகும் தொகையையும் ரிம்மின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னும் ஓர் அங்குலம் இறங்கி 17க்குப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எஃப்கே8இன் முன் பிரேக் தட்டு 350 மி.மீ. விட்டமுள்ளது; அதைக் கவ்வியிருக்கும் காலிப்பர் அதற்கும் வெளியே நீள்கிறது. 17இல் பொருந்தும் வடிவங்கள் மிகச் சிலவே என்பதால், அது பந்தயத்துக்கென்றே காரை ஒதுக்கியவர்களின் வழி. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற சிறிய காருக்கு நிலைமை வேறு: ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்தக் காரில் 17இலிருந்து 16க்கு இறங்குவது இயல்பான தெரிவு, சக்கரத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவும் அங்கே கூடுதலாகவே தெரியும்.

அகலமும் ஆஃப்செட்டும் தவறினால் மற்றவை எல்லாம் வீண். எஃப்கே8இன் மூல ரிம் 8.5 அங்குல அகலமும் +60 ஆஃப்செட்டும் கொண்டது. அதே +60இல் 9.5 அங்குல ரிம்மைப் போட்டால் வெளியே 12.7 மி.மீ., உள்ளே 12.7 மி.மீ. எனச் சமமாக விரியும். கடையில் கையிருப்பில் உள்ளது என்பதற்காக +45 கொண்ட 9.5 அங்குல ரிம்மை வாங்கினால் சக்கரம் ஏறக்குறைய 28 மி.மீ. வெளியே வந்துவிடும். அது மட்கார்டைத் தாண்டிவிட்டால் விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகிய எந்தப் பரிசோதனை நிலையத்திலும் கார் தேறாது. சாலையிலேயே அமலாக்க அதிகாரிகள் நிறுத்தவும் கூடும். விதியை ஒருபுறம் வைத்தாலும், சக்கரத்தின் மையக்கோடு வெளியே நகர்ந்தால் முன்சக்கர இயக்கக் காரில் முடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், பேரிங் விரைவாகத் தேயும். ஹோண்டாவின் பொறியாளர்கள் டைப் ஆரின் முன் சஸ்பென்ஷனை இந்த இழுப்பைக் குறைப்பதற்கென்றே தனியாக வடிவமைத்திருக்கும்போது, தவறான ஆஃப்செட்டால் அந்த உழைப்பை அழிப்பது மனத்துக்கு ஒவ்வாத செயல். மழையையும் மறந்துவிட முடியாது: அகலம் கூடக் கூட நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்கும் வாய்ப்பு கூடுகிறது. அன்றாடம் ஓட்டும் காருக்கு 8.5 முதல் 9 அங்குலம் போதும் என்றே நினைக்கிறேன்.

இப்போது தயாரிப்பு முறை. சாதாரண வார்ப்பு ரிம்மில், சிலிக்கானும் மக்னீசியமும் கலந்த அலுமினியக் குழம்பை அச்சில் ஊற்றிக் குளிரவிடுகிறார்கள். உள்ளே நுண்ணிய துளைகள் தங்க வாய்ப்புள்ளதால், வலுவுக்காகச் சுவரைத் தடிமனாக வைக்க வேண்டியிருக்கிறது. எடை கூடுவதற்குக் காரணம் அதுவே. ஃப்ளோ ஃபார்ம் முறையிலும் தொடக்கம் வார்ப்புதான். ஆனால் வார்த்தெடுத்த கட்டியைச் சூடாக்கிச் சுழற்றிக்கொண்டே உருளைகளால் அழுத்தி, டயர் உட்காரும் உருளைப் பகுதியை நீட்டி மெலியச் செய்கிறார்கள். அந்த அழுத்தத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு நெருக்கமாகி, குறைந்த தடிமனிலும் வலு கிடைக்கிறது. முகப்பும் ஆரங்களும் மட்டும் வார்ப்பாகவே இருக்கும். எடையைக் குறைக்க வேண்டிய வெளிவிளிம்பில்தான் இந்த முறை வேலை செய்கிறது என்பது இதன் அழகு. ஃபோர்ஜ்டு ரிம் முற்றிலும் வேறு வழியில் பிறக்கிறது: 6061 போன்ற கலவையின் திடக்கட்டியை ஆயிரக்கணக்கான டன் விசையில் அழுத்தி உருவாக்கி, பிறகு கடைந்தெடுக்கிறார்கள். துளைகள் இல்லை, உலோகத்தின் இழைகள் வடிவத்தோடு சேர்ந்து ஓடுகின்றன.

எடையில் இது எப்படித் தெரிகிறது? 18 அங்குல விட்டமும் 9.5 அங்குல அகலமும் கொண்ட ரிம்மை எடுத்துக்கொண்டால், சாதாரண வார்ப்பு பொதுவாக 10.5 முதல் 12 கிலோ, நல்ல ஃப்ளோ ஃபார்ம் 8.5 முதல் 10 கிலோ, ஃபோர்ஜ்டு 8 முதல் 9 கிலோ. முதல் படியில் ஏறக்குறைய 2 கிலோ குறைகிறது. இரண்டாம் படியில் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான். விலையோ நேர்மாறாகப் போகிறது: பெயர்பெற்ற ஜப்பானிய ஃபோர்ஜ்டு செட் ஒன்றுக்கு நல்ல ஃப்ளோ ஃபார்ம் செட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது, பல நேரங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. எடை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஃப்ளோ ஃபார்ம்தான் வெல்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. என்கை நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1, ஃபோர்ஜ்டு ரிம் அல்ல. ஆனாலும் 17 அங்குலத்தில் 9 அங்குல அகலத்துக்கு அது ஏறக்குறைய 7.2 கிலோதான். பல ஃபோர்ஜ்டு ரிம்கள் அதைவிட எடை கூடியவை. ஆகவே கடைக்காரரிடம் தயாரிப்பு முறையைக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்த அகலத்துக்கும் அந்த ஆஃப்செட்டுக்கும் உரிய எடையைக் கிலோவில் கேட்டு, முடிந்தால் கடையிலேயே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஃபோர்ஜ்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எதற்கு? உடையும் விதத்துக்காக. பெரிய அடி விழும்போது வார்ப்பு முகப்பு விரிசல் விடுவது வழக்கம். ஃபோர்ஜ்டு ரிம் முதலில் வளையும். வளைந்த ரிம் அதிர்வின் மூலம் தன் நிலையைத் தெரிவிக்கிறது. விரிசலோ சில வேளைகளில் ஒன்றும் தெரிவிக்காமலே வளர்கிறது. மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்தின் 5.543 கிலோமீட்டரில் 15 வளைவுகள் இருக்கின்றன. நீண்ட இரு நேர்ச்சாலைகளின் முடிவில், முதல் வளைவிலும் கடைசி வளைவிலும், முழு வேகத்திலிருந்து கடும் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக்கின் வெப்பம் ரிம்முக்கு ஏறுகிறது, ஒட்டும் தன்மை மிகுந்த டயர் பக்கவாட்டில் ரிம்மை முறுக்குகிறது, ஓரக்கற்களின் மேல் சக்கரம் ஏறி இறங்குகிறது. இதைச் சுற்றுக்குச் சுற்று, ஆண்டுக்குப் பல முறை செய்யும் ரிம்முக்கு ஃபோர்ஜ்டின் களைப்புத் தாங்கும் திறன் தேவை. ரேஸ் நிறுவனத்தின் வோல்க் ரேசிங் டிஇ37 இதற்கு நல்ல சான்று. 1996இல் வெளிவந்த அதன் பெயரில் உள்ள 37, 15 அங்குல அளவில் அது எட்டிய 3.7 கிலோ எடையைக் குறிக்கிறது. அதன் பிந்தைய வடிவங்கள் பலவற்றில், ஃபோர்ஜிங் தரும் வலுவை மேலும் எடை குறைப்பதற்குப் பதிலாக விறைப்பைக் கூட்டப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பந்தயத்தில் அனுபவமுள்ள நிறுவனம் ஒன்று எடை எண்ணைவிட விறைப்பை முன்னால் வைக்கிறது என்பதை வாங்குபவர் கவனிக்க வேண்டும்.

மலிவான நகல்களை இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாகவே நான் சேர்க்கவில்லை. டிஇ37இன் ஆறு ஆரங்களையும் அச்சு அசலாகக் காட்டும் வார்ப்பு நகல்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் மூல ரிம்மைவிட எடை கூடியவை. ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தரக்குறி உள்ள ரிம், சுழல்நிலை வளைவுச் சோதனை, உருளைச் சுமைச் சோதனை, 13 பாகைச் சாய்வில் மோதல் சோதனை ஆகிய மூன்றையும் தேறியதாகத் தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார் என்பது பொருள். விஐஏ முத்திரை அதைத் தயாரிப்பாளரைச் சாராத அமைப்பு ஒன்று சரிபார்த்ததைக் காட்டுகிறது. ஜெர்மானிய டியூஃப் சான்றும் அதைப் போல நம்பத்தக்கது. முத்திரையையும் போலியாகப் பொறிக்க முடியும் என்பதால், அதை எங்கே வாங்குகிறோம் என்பதும் சேர்ந்தே முக்கியம். குடும்பத்தோடு போகும் காரில் அடையாளம் தெரியாத உலோகத்தை மாட்டுவதைவிட, தொழிற்சாலை ரிம்மையே வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

மக்னீசியமும் கரிம இழையும் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. மக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தின் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் கடல் காற்றும் ஈரப்பதமும் ஓயாத நம் தீவில், பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து அரிப்பு தொடங்கிவிடும். கரிம இழை ரிம்களை 2016ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர் தொழிற்சாலையிலிருந்தே கொண்டு வந்தது; பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் குறுகிய திருப்பத்தில் ஓரக்கல்லில் உரசினால் அதைப் பழுதுபார்ப்பது அரிது.

உண்மையில் கடினமான ஒப்பீடு, புதிய ஃப்ளோ ஃபார்மும் பழைய ஃபோர்ஜ்டும் ஒரே விலையில் கண்முன் நிற்கும்போதுதான் வருகிறது. வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு முடியும்போது கார்கள் அழிப்புக்குப் போகின்றன, ரிம்கள் தனியாகக் கழற்றி விற்கப்படுகின்றன. அதனால் இங்கே பழைய ஃபோர்ஜ்டு ரிம்களின் சந்தை எப்போதும் உயிரோடு இருக்கிறது. விலையும் அதிகம் இறங்குவதில்லை. இன்று வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய அதே தொகைக்கு விற்பதும் உண்டு. அந்தக் கணக்கில் பழைய ஃபோர்ஜ்டே மலிவாகத் தெரியும். ஆயினும், அதன் கடந்தகாலம் தெரியாது. வாங்கும் முன் டயரைக் கழற்றச் சொல்லி, பாலன்சிங் இயந்திரத்தில் வெற்று ரிம்மைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உட்புறத்தை நன்றாகத் துடைத்து, பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். 6061 கலவையின் வலு வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அந்த வலு போய்விடும், மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அது திரும்பாது. புதிதாகப் பூச்சு அடித்த பழைய ரிம் எனக்கு எப்போதும் கூடுதல் ஐயத்தையே தருகிறது, ஏனெனில் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் காண முடியாது. விற்பவர் டயரைக் கழற்ற மறுத்தால், அந்த ரிம்மை விட்டுவிட்டுப் புதிய ஃப்ளோ ஃபார்முக்குப் போய்விடுவதே என் பரிந்துரை.

ஆகவே யாருக்கு எது? வார நாட்களில் வேலைக்கும் வார இறுதியில் ஜொகூருக்கும் போய்வரும் எஃப்கே8 உரிமையாளருக்கு, 18 அங்குலத்தில் விஐஏ முத்திரையுள்ள ஃப்ளோ ஃபார்ம் ரிம்மும், மிஞ்சும் பணத்தில் தரமான டயரும் சிறந்தவை. டயரின் எடை மையத்திலிருந்து இன்னும் தொலைவில் இருப்பதால், டயரில் குறையும் ஒரு கிலோ ஏறக்குறைய 1.8 கிலோவுக்குச் சமம். ஒரே அளவில் இரண்டு நிறுவனங்களின் டயர்களுக்கிடையே ஒரு கிலோ வேறுபாடு இருப்பது சாதாரணம் என்பதால், ஃபோர்ஜ்டுக்கு மாறிக் கிடைக்கும் லாபத்தை டயரைக் கவனமாகத் தேர்ந்தே பெற்றுவிடலாம். செப்பாங்கிற்கு அடிக்கடி போகிறவர், உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தாவது காரை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர் ஆகியோருக்கு ஃபோர்ஜ்டு ரிம் நியாயமான செலவு. ஜிஆர் யாரிஸின் உயர்வகைகளில் தொழிற்சாலையிலேயே பிபிஎஸ் ஃபோர்ஜ்டு ரிம் வருகிறது. அதை வைத்திருப்பவர் தோற்றத்துக்காக அல்லாமல் எடைக்காக மாற்ற நினைத்தால், அந்தப் பணத்தை பிரேக் பேடுக்கும் டயருக்கும் கொடுக்கலாம்.

பொருத்தும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். ஹோண்டாவின் மூல நட்டுகள் உருண்டை அமர்வு கொண்டவை, வெளிச்சந்தை ரிம்களோ பெரும்பாலும் கூம்பு அமர்வை எதிர்பார்ப்பவை. பழைய நட்டையே போட்டு முறுக்கினால் இறுகியது போலத் தோன்றிப் பின்னர் தளரும். எஃப்கே8இன் அச்சுமுனை விட்டம் 64.1 மி.மீ., பிசிடி (நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×120. ரிம்மின் நடுத்துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போட்டே ஆக வேண்டும், இல்லையேல் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் சரிபார்க்க வேண்டும். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அதே வாரத்தில் முடிய வேண்டிய வேலை. கழற்றிய மூல ரிம்களை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் காரைக் கைமாற்றும்போது அவையும் உடன் இருந்தால்தான் முழு விலை கிடைக்கும். வீவக நடைபாதையில் அடுக்கினால் தீப்பாதுகாப்பு விதிகளை மீறியதாகலாம் என்பதால், வீட்டின் சேமிப்பறையில் இடம் இருக்கிறதா என்பதைப் புதிய செட்டுக்கு முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.